கடைத் தராசும் ரப்பர்ப் பால் மிதவையும்



படிவம் ஒன்றிலும் இரண்டிலும் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும் வண்ணம் நமது சங்க ஏட்டில் ஏதேனும் எழுதுமாறு சகோதரர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். நாம் ஓதியது மதரஸாவில். படித்தது ஆரம்பப் பள்ளி வரைக்குமே. செய்வது மளிகை வியாபாரம். விஞ்ஞானம் எழுத இவன் யார் என்று எவரேனும் கேட்பின் அது நியாயமான கேள்விதான். ஆனால் நிறுப்பதும் அளப்பதும் நமக்கு அன்றாட வேலை. பௌதிகம் என்னும் பெரிய கட்டடத்திற்கு அஸ்திவாரம் நிறுவையும் அளவையும் அன்றோ? அந்தத் துணிவில் எழுதுகிறோம். பிழை காணும் ஆசிரியப் பெருமக்கள் திருத்தி எழுதினால் நன்றியுடன் ஏற்போம்.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, தோட்டத்து லயத்திலிருந்து இப்போது தாமானுக்குக் குடிவந்துவிட்ட ஒரு குடும்பத்துப் பையன் கடைக்கு வந்தான். மானிய விலைச் சமையல் எண்ணெய் 1 கிலோ பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பாய், இது 1 கிலோவா, 1 லிட்டரா? கிலோ என்று போட்டிருக்கிறது. தண்ணீர்ப் போத்தலில் லிட்டர் என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?” என்றான்.

“ஒன்றல்ல தம்பி, இந்த எண்ணெய் 1 லிட்டருக்கும் அதிகம்” என்றோம். அவன் நம்பவில்லை. ‘பாய் வியாபாரத்துக்காகச் சொல்கிறார்’ என்று நினைத்தானோ என்னவோ! உடனே அளவுக் குவளையை எடுத்து ஊற்றிக் காட்டினோம். 1 லிட்டர் கோட்டைத் தாண்டி ஏறக்குறைய 100 மில்லிலிட்டர் மேலே நின்றது. பையனுக்கு ஒரே ஆச்சரியம். அந்த ஆச்சரியத்திலிருந்தே நமது பாடத்தைத் தொடங்குவோம்.

பிள்ளைகளே! ஒரு பொருளைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். அதில் பொருள் எவ்வளவு அடங்கியிருக்கிறது? இது பொருண்மை. அது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது? இது கனவளவு. அந்த இடத்திற்குள் பொருள் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கிறது? இது அடர்த்தி. பொருண்மையைக் கனவளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, படிவம் ஒன்றில் மலாய் நூலைத் திறக்கும்போது இவையே ஜிசிம், இசிபாடு, கெதும்பாதான் என்று வேறு வேடத்தில் வந்து நிற்கின்றன. பிள்ளை திகைத்து, ‘எனக்கு விஞ்ஞானம் வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறது. விஞ்ஞானம் வராமலில்லை, பெயர்தான் மாறிவிட்டது. அதிலும் ஜிசிம் என்பது நாம் மதரஸாவில் ஓதிய ஜிஸ்மு, அதாவது உடல் என்னும் அரபுச் சொல்லே. மலாய் மொழிக்குப் போய்ப் பொருண்மை என்னும் அர்த்தத்தில் அமர்ந்திருக்கிறது. தெரிந்தவரைத் தெரியாதவர் என்று எண்ணி அஞ்சுவானேன்?

தண்ணீரில் 1 கன சென்டிமீட்டர் 1 கிராம் இருக்கும். ஆகவே 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. இது தண்ணீருக்கு மட்டும் வாய்த்த வசதி. கிலோ என்னும் அளவை முதலில் வகுத்தவர்கள் தண்ணீரை வைத்தே வகுத்ததால் அப்படி அமைந்தது. செம்பனை எண்ணெயின் அடர்த்தி ஏறக்குறைய 0.91. 1000 கிராமை 0.91-ஆல் வகுத்துப் பாருங்கள், 1099 வரும். குவளையில் நாம் கண்டது இதுதான். மண்ணெண்ணெய் 0.8, கடல் நீர் 1.025, பசும்பால் 1.03, இரும்பு 7.9, பாதரசம் 13.6, தங்கம் 19.3. இரும்பாணியைப் பாதரசத்தில் போட்டால் மிதக்கும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், பாதரசம் விஷம்.

நோன்புப் பெருநாளுக்கு முன் நாம் கொடுக்கும் ஃபித்ராவிலும் இந்தப் பாடம் இருக்கிறது. மார்க்கம் விதித்தது ஒரு ஸாவு. ஸாவு என்பது எடையன்று, முகத்தலளவை, அதாவது கனவளவு. அரிசியானால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். அதே ஸாவு பேரீச்சம்பழத்தில் வேறு எடை, கோதுமையில் வேறு எடை. “ஒரு கிதாபில் ஒரு கணக்கும் இன்னொன்றில் வேறு கணக்கும் போட்டிருக்கிறதே” என்று நமது கடையில் இரு பெரியவர்கள் ரமலான் மாதத்தில் வாதாடியதைக் கேட்டிருக்கிறோம். இருவரும் சொன்னது சரியே. படியில் அள்ளிய தானியம் வேறு, இடையில் நின்ற காற்றின் அளவும் வேறு. எடை எப்படி ஒன்றாகும்?

இனி, பொருண்மை வேறு, எடை வேறு என்பதை ஆசிரியர் வலியுறுத்துவார். கடைக்காரர்களாகிய நாம் இரண்டையும் ஒன்றாகவே வழங்கி உங்களைக் குழப்பி வைத்திருக்கிறோம். பொருண்மை என்பது சரக்கின் அளவு. எடை என்பது பூமி அதைத் தன்பால் இழுக்கும் விசை. சந்திரனில் இழுப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 6 கிலோ அரிசி மூட்டையை அங்கே கொண்டுபோய் வில் தராசில் தொங்கவிட்டால் முள் 1 கிலோவைக் காட்டும். அதையே இரு தட்டுத் தராசில், படிக்கல்லை எதிரே வைத்து நிறுத்தால் 6 கிலோவே காட்டும். படிக்கல்லும் அதே விகிதத்தில் இலேசாகிவிடுகிறதல்லவா! அரிசியில் ஒரு மணி கூடக் குறையவில்லை. 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் நம் நாட்டு டாக்டர் ஷேக் முஸாபர் விண்வெளி நிலையம் சென்று, ரமலானின் இறுதியையும் பெருநாளையும் அங்கே கழித்தார். அங்கே அவர் மிதந்தது பூமியின் இழுப்பு இல்லாததால் அன்று. அவரும் நிலையமும் சேர்ந்து பூமியைச் சுற்றி ஓயாமல் விழுந்துகொண்டே இருந்தமையால் அவருக்கு எடை தெரியவில்லை. உடம்பின் பொருண்மையோ இங்கிருந்து கொண்டுபோனதேதான்.

இப்போது இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்திற்கு வருகிறோம்.

1980-களின் பிற்பகுதி. நமக்குப் பத்து வயதிருக்கும். நம் அத்தா ஒரு தோட்டத்தில் சிறு கடை வைத்திருந்தார்கள். ஒரு நாள் அந்தி நேரம், பால் வெட்டும் அம்மாள் ஒருவர் 555 நோட்டுடன் வந்து அழுதார். அன்று ஸ்டோரில் பால் அளக்கையில், அவருடைய வாளிப் பாலில் மிதவையை விட்டுப் பார்த்த கிராணி, “பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது” என்று கூறிக் கணக்கைக் குறைத்துவிட்டாராம். “பாய், என் கண்ணால் பார்த்தேன். மிதவை மேலேதான் நின்றது. மேலே நின்றால் நல்ல பால்தானே? மாட்டுப் பால்காரர் அப்படித்தானே காட்டுவார்? தண்ணீர் கலந்திருந்தால் கீழே அல்லவா இறங்கும்?” என்று கேட்டார். அத்தாவுக்கு விடை தெரியவில்லை. கடனுக்கு அரிசியும் பருப்பும் கட்டிக் கொடுத்தார்கள். வேறென்ன செய்ய முடியும்? லயம் முழுவதும் அந்த வாரம் கிராணியை ஏசியது. அம்மாள் சொன்ன நியாயம் எவருக்கும் பிசகாகத் தோன்றவில்லை, நமக்கும் அப்படியே.

பல ஆண்டுகள் கழித்து, பழைய படிவ நூல் ஒன்றைக் கடையடைத்த பின் இரவில் படித்தபோதுதான் நமக்கு விளங்கிற்று. மிதவையைப் பொறுத்தமட்டில் பசும்பாலும் மரப்பாலும் ஒன்றுக்கொன்று தலைகீழ்!

இதை நிதானமாகப் பார்ப்போம். மிதக்கும் எப்பொருளும் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்கிவிட்டு நிற்கும். கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி இது. நம்மிடம் 50 கிராம் மிதவை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தண்ணீரில் விட்டால் 50 மில்லிலிட்டர் தண்ணீரை விலக்கும் அளவுக்கு அமிழும். பசும்பால் தண்ணீரைவிட அடர்த்தி மிகுந்தது; 48.5 மில்லிலிட்டரை விலக்கினாலே 50 கிராம் ஆகிவிடும். எனவே மிதவை உயர நிற்கும். அதில் தண்ணீர் சேரச் சேர மிதவை கீழே இறங்கும். அம்மாள் கண்டிருந்தது இதுதான், சரியாகத்தான் கண்டிருந்தார்.

மரப்பாலின் கதை வேறு. அதிலுள்ள ரப்பரின் அடர்த்தி ஏறக்குறைய 0.92, தண்ணீரைவிடக் குறைவு. அதைச் சுமந்து நிற்கும் நீர்ப்பகுதி தண்ணீரைவிடச் சற்றே கனம். இரண்டும் சேர்ந்த பாலின் அடர்த்தி 0.98 அளவில் வரும். ஆகவே நல்ல மரப்பால் தண்ணீரைவிட இலேசானது. நம் 50 கிராம் மிதவை அதில் 51 மில்லிலிட்டரை விலக்க வேண்டும். தண்ணீரில் நின்றதைவிடக் கீழே நிற்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்ந்தால் அடர்த்தி 0.99 ஆகும், மிதவை 50.5-க்கு உயரும். ரப்பர் மிகுந்த பாலில் தாழும். தண்ணீர் மிகுந்த பாலில் உயரும். மெட்ரோலாக் என்னும் அக்கருவியின் சூட்சுமம் இவ்வளவே.

‘அரை மில்லிலிட்டர் வித்தியாசம் கண்ணுக்கு எப்படித் தெரியும்?’ என்று கூர்மையான பிள்ளை கேட்கும். மிதவையின் மேற்பகுதி ஏன் மெல்லிய தண்டாக இருக்கிறது என்பதற்கு அதுவே விடை. தண்டின் குறுக்குப் பரப்பு கால் சதுர சென்டிமீட்டர் என்றால், அரை மில்லிலிட்டர் என்பது 2 சென்டிமீட்டர் உயரமாகி விடுகிறது. தடித்த கட்டையாக இருந்திருந்தால் ஒன்றும் தெரிந்திராது. பால் கெட்டியாதலின் ஒரு பங்கு பாலுக்கு இரு பங்கு தண்ணீர் சேர்த்து, மிதவையை விட்டு, கிடைத்த எண்ணை மூன்றால் பெருக்குவது வழக்கம். நுரையை வழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்; பால் சூடாக இருந்தாலும் கணக்குப் பிசகும்.

அப்படியானால் கிராணி சொன்னது சரிதானா? பாலில் தண்ணீர் இருந்தது என்ற மட்டில் சரியே. ஆனால் யார் ஊற்றிய தண்ணீர்? அன்று மழை பெய்தது என்று நம் அத்தா பின்னர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மரத்தில் கட்டிய மங்கில் வானம் ஊற்றிய தண்ணீரையும் வாளியில் கை ஊற்றிய தண்ணீரையும் மிதவை பிரித்துக் காட்டாது. கருவி எண்ணைத்தான் சொல்லும், குற்றத்தைச் சொல்லாது. அந்த அம்மாளுக்குக் கருவியைப் படிக்கத் தெரிந்திருந்தால், “மிதவை மேலே நிற்பது மெய்தான். மழை பெய்ததும் மெய்தான்” என்று அங்கேயே வாதாடியிருப்பார். அவரோ ‘மேலே நின்றால் நல்ல பால்’ என்று சொல்லப்போய், பிடிவாதக்காரி என்று பெயரெடுத்துத் திரும்பினார். எண்ணெய்ப் பாக்கெட்டைப் பற்றிக் கேட்ட பையன் அவருடைய பேரன். ‘கெதும்பாதான்’ பாடத்தில் மதிப்பெண் குறைந்துவிட்டதென்று அன்று சொன்னான். அப்போது நமக்கு நெஞ்சில் ஏதோ செய்தது.

இந்த மிதவைக்கு நம்மவர் வரலாற்றிலும் ஒரு பங்குண்டு. குராசான் தேசத்து மர்வு நகரில் சுல்தான் சஞ்சரின் காலத்தில் வாழ்ந்தவர் அல்-காஸினி. அடிமையாக வந்து சேர்ந்தவர்; அவருடைய எஜமானர் அவருக்குக் கல்வி கற்பித்தார். ஹிஜ்ரி 515, அதாவது 1121-ஆம் ஆண்டில் ‘மீஸானுல் ஹிக்மா’, ஞானத் தராசு என்று ஒரு பெரிய நூல் இயற்றினார். தராசின் அமைப்பு, பொருள்களின் அடர்த்தி, உலோகத்தில் கலப்படம் காணும் வழி ஆகியவை அதில் உள்ளன. அலெக்ஸாந்திரியா நகரத்துப் பாப்பஸ் என்பாரின் மிதவைக் கருவியையும் அவர் விளக்குகிறார். மெட்ரோலாக்குக்கு மூதாதை என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். அவருக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட அல்-பிரூனி, உலோகங்களையும் இரத்தினங்களையும் தண்ணீரில் அமிழ்த்தி, வழிந்த தண்ணீரை நிறுத்து அடர்த்தி கண்டார். அவர் தந்த எண்கள் பல இன்றைய எண்களுக்கு மிக அருகில் நிற்கின்றன. முன்னோர் பெருமை பேசிப் பொழுது போக்குவது நம்மிடையே உள்ள ஒரு வியாதி. அதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் நிறுத்தார்கள், எழுதி வைத்தார்கள். நாமும் நிறுக்கலாம் என்பதற்காகச் சொல்கிறோம்.

தராசைப் பற்றியும் சிறிது. சந்தையில் மீன்காரர் தூக்கிப் பிடிக்கும் டாச்சிங்கைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு குண்டு, நீண்ட கோல். பிடியிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் 1 கிலோ மீன் தொங்கினால், 250 கிராம் குண்டை 20 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் கோல் சமமாகும். 1000-ஐ 5-ஆல் பெருக்கினாலும் 250-ஐ 20-ஆல் பெருக்கினாலும் 5000 அன்றோ? இதுதான் நெம்புகோல் விதி. இந்த விதியைக் கொண்டே மோசமும் செய்யலாம். இரு தட்டுத் தராசில் ஒரு கையை மயிரிழை நீளமாக்கினால் போதும். கண்டுபிடிக்கும் வழி எளிது. சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்துப் பாருங்கள். கள்ளத் தராசு உடனே சாய்ந்துவிடும். அளவில் மோசம் செய்பவர்களைக் கண்டிக்க ‘அல்-முதஃப்பிஃபீன்’ என்று ஒரு முழு அத்தியாயமே குர்ஆனில் இருப்பதை வியாபாரிகள் அறிவோம். 1972-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்திற்குப் பின் காத்தியும் தாஹிலும் போய்க் கிலோ வந்துவிட்டது. 1 காத்தி என்பது 16 தாஹில், ஏறக்குறைய 605 கிராம். இன்றும் சில பாட்டிமார் “அரைக் காத்தி நெத்திலி” என்றுதான் கேட்பார்கள். நாம் மனத்திலேயே கணக்குப் போட்டு 300 கிராமுக்குச் சற்று அதிகமாக நிறுத்துக் கொடுக்கிறோம்.

காற்றின் அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டின் பாலில் ஏன் இரண்டு துளை போடுகிறோம்? ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால், பால் சிறிது வந்து நின்றுவிடும். வெளிக்காற்று அந்தத் துளையை அடைத்தாற்போல அழுத்துகிறது. உள்ளேயோ பால் குறைந்த இடத்தை நிரப்பக் காற்றில்லை. மற்றொரு துளை வழியே காற்று உள்ளே சென்றதும் பால் ஒழுகும். காற்று அழுத்துகிறது என்பதற்கு இதைவிடக் கண்கண்ட சாட்சி வேண்டுவதில்லை. இதனுடன் அழுத்தம் பற்றிய வேறொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். விடியுமுன் தீம்பாருக்குப் போய்ப் பால் வெட்டுவது துரைமார் விதித்த கொடுமை என்றே சிறுவயதில் எண்ணியிருந்தோம். காரணம் மரத்தினுள் இருக்கிறது. வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகிப் பால் குழாய்களில் அழுத்தம் குறைந்துவிடும். விடியலில் அழுத்தம் மிகுதி, பாலும் நன்றாக ஓடும்.

வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறு. ஒரு குவளை கொதிநீரும் ஒரு பானை கொதிநீரும் வெப்பநிலையில் சமம், இரண்டும் 100 பாகை. ஆனால் பானையிலுள்ள வெப்பம் பன்மடங்கு. ஆற எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தாலே தெரியும். மலாயில் ஹாபா, சுஹு என்று இரண்டு சொற்கள் உண்டு. பரீட்சையில் பிள்ளைகள் இவ்விரண்டையும் மாற்றி எழுதியே மதிப்பெண்ணை இழக்கிறார்கள். லயத்து வீட்டில் வாழ்ந்தவர்கள் மஃரிபு நேரத்தில் தகரக் கூரை ‘டப், டப்’ என்று சத்தமிடக் கேட்டிருப்பார்கள். நம் பாட்டி ஜின் என்பார்கள். பகல் வெயிலில் விரிந்த தகரம், குளிர்ந்து சுருங்கும்போது ஆணியை இழுத்துக்கொண்டு எழுப்பும் சத்தம் அது. 1891-இல் திறந்த சிரம்பான்-போர்ட்டிக்சன் இருப்புப் பாதையில் இப்போது வண்டி ஓடுவதில்லை. அத்தகைய பழைய பாதைகளில் தண்டவாளத் துண்டுகளுக்கிடையே இடைவெளி விட்டதும் இதே காரணத்தால்தான். 12 மீட்டர் எஃகுத் துண்டு, 30 பாகை சூடு ஏறினால் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும்.

இனிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பருமனான உறிஞ்சுகுழாய் ஒன்றை எடுத்து, அடிப்புறத்தை உருகிய மெழுகால் அடைத்துவிடுங்கள். பெரியவர்கள் அருகில் இருக்கட்டும். உள்ளே சிறு ஆணிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, உயரக் குவளைத் தண்ணீரில் அது செங்குத்தாக நிற்கும்படி செய்யுங்கள். தண்ணீர் மட்டத்தில் பேனாவால் கோடிடுங்கள். பிறகு நான்கு கரண்டி உப்புக் கரைத்த நீரில் ஒரு கோடு; துடைத்துவிட்டுச் சமையல் எண்ணெயில் ஒரு கோடு. மூன்று கோடுகளில் எது மேல், எது கீழ், ஏன் என்று மலாயிலும் தமிழிலும் இரண்டிரண்டு வரி எழுதி நமது கடைக்குக் கொண்டு வாருங்கள். எண்ணெயை மட்டும் குவளையிலிருந்து மீண்டும் போத்தலில் ஊற்றி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் தவிரக் கடை திறந்திருக்கும். அந்தப் பையனின் குழாய் இப்போதே நம் மேசைமேல் இருக்கிறது. எண்ணெய்க் கோட்டைத் தண்ணீர்க் கோட்டிற்குக் கீழே போட்டிருக்கிறான். குழாயைத் தலைகீழாகப் பிடித்துக் கோடிட்டானா என்று நாளை வரும்போது கேட்க வேண்டும்.